தூங்காத திராட்சை

பெட்ரிசியாவுக்குக் குடி என்றால் ஆகாது. அவள் கணவன் சந்தியாகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நல்ல வேலைக்காரன், சாயங்காலம் வரைக்கும். அதற்குப் பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவன் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டபோது மகன் கிளென் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அடக்கத்துக்கு வந்த சந்தியாகுவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அவர்களை அவள் கல்லறை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

அப்படிப்பட்டவள்தான் பின்னால் ஒயினுக்காகத் திராட்சை வளர்க்கப் போனாள்.

மலேசியாவின் நெகிரி மாநிலத்தில், பெடாஸுக்குப் பக்கத்தில், ரெம்பாவ் போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய ரப்பர் மரங்கள் நின்ற ஒரு சரிவு இருந்தது. அதைச் சிரம்பான்காரர் ஒருவர் வாங்கினார். பெயர் புவனேஸ்வரன், கல்யாண மண்டபங்கள் வைத்திருப்பவர். குடும்பத்தோடு தாய்லாந்துக்குச் சுற்றுலா போனவர் அங்கே மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். கொடிகளுக்கு நடுவே மேசை போட்டு, வெள்ளைக்காரர்கள் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. அங்கே வருகிற திராட்சை இங்கே ஏன் வராது? நெகிரியின் உள்பகுதியில் மற்ற மாநிலங்களைவிட மழை குறைவு என்று யாரோ சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது.

பெட்ரிசியா அதுவரை செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து வருஷக்கணக்கில் நடந்து தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. புவனேஸ்வரன் ஆள் தேடியபோது அவளை மண்டோராக, ஆட்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரியாக, போட்டார். அந்த வட்டாரத்தில் ஒரு பெண் மண்டோரானது அதுதான் முதல் தடவை. கிளெனும் சேனாவாங்கில் பார்த்துவந்த ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, விருந்தினர்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் சின்ன போ டை. அந்த உடுப்பில் அவனை முதல் தடவை பார்த்த காலையில் பெட்ரிசியா வாசலில் நின்று கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பனைப்போல் இவன் பாராங் கத்தி தூக்கவில்லை. அது போதும் அவளுக்கு.

"ஒயினுன்னா என்னாம்மா, சாராயந்தானே?" என்று கூட வேலை செய்தவர்கள் குத்திப் பேசினார்கள்.

"கோயில்ல ஃபாதர் கையில எடுக்குறது என்னாவாம்? அதுவும் இதானே" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாள்.

கொடிகளைக் கவனிக்க ரோகினி என்ற பெண்ணை முதலாளி வேலைக்கு வைத்திருந்தார். விவசாயம் படித்தவள், வயது முப்பதுக்குள். வந்த முதல் வாரமே சரிவில் ஒரு குழி தோண்டச் சொன்னாள். மேலே ஒரு முழத்துக்குச் செம்மண், சின்னச் சின்னத் துருப்பிடித்த கற்களோடு. அதற்குக் கீழே வழுவழுவென்று களிமண். ஒரு வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோதும் தண்ணீர் அப்படியே நின்றது.

"பாத்தீங்களாக்கா? திராட்சைக்குத் தாகம் வேணும். வேரு தண்ணியத் தேடிக் கீழ போகணும். இங்க தேடவே வேணாம், காலடியிலயே நிக்குது. சும்மா நின்ன எடத்துலயே அழுகிரும்."

"மண்ண மாத்திப் போடலாமே மிஸ்?"

"மேட்டுப்பாத்தி போடலாம். சுண்ணாம்பு போட்டுப் புளிப்ப எடுக்கலாம். மழைக்குக் கூரை போடலாம்." ரோகினி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். "வானத்த என்னா செய்றது?"

ரோகினி சொன்ன அத்தனையும் செய்தார்கள். லோரி லோரியாகச் சுண்ணாம்பு வந்தது. பாத்தியை இடுப்புயரம் ஏற்றினார்கள். வரிசைக்கு வரிசை பிளாஸ்டிக் கூரை. இளங்கொடிகள் கம்பியைப் பிடித்து ஏறியபோது பெட்ரிசியாவுக்கு அதிசயமாக இருந்தது. ரப்பர் கன்றும் செம்பனையும் வளர்வதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இது ஒரு ராத்திரியில் விரல் நீளம் ஓடியது.

ஓடிக்கொண்டே இருந்ததுதான் சிக்கல். இலை மேல் இலை, கொடி மேல் கொடி. பூவைக் காணோம்.

ரோகினி அவளுக்கு விளக்கிச் சொன்னாள். "குளிர் நாட்டுல வருஷா வருஷம் இது எலையெல்லாம் உதுத்துட்டுத் தூங்கும்க்கா. நல்லாத் தூங்கி எந்திரிச்சாத்தான் எல்லாக் கண்ணும் ஒண்ணா மொளைக்கும், ஒண்ணாப் பூக்கும், ஒண்ணாப் பழுக்கும். இங்க யாரு அதத் தூங்க வுடுறா? வெயிலு, மழ, வெயிலு, மழ. பாவம், ஓய்வே இல்ல."

"நம்ம சனம் மாதிரி" என்றாள் பெட்ரிசியா. இருவரும் சிரித்தார்கள்.

தூங்காத கொடியை ஏமாற்ற ஒரு வழி இருந்தது. கிளைகளைக் கட்டையாக வெட்டி, மிச்ச இலைகளை உருவிவிட்டு, ஒவ்வொரு மொட்டுக் கண்ணிலும் ஒரு மருந்தைத் தடவ வேண்டும். குளிர்காலம் செய்யும் வேலையை அந்த மருந்து செய்யும். செத்ததுபோல் கிடக்கும் கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடித்து முளைக்கும். ரோகினி கையுறை, முகமூடி எல்லாம் போடச் சொல்லிவிட்டு, முக்கியமான ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இந்த மருந்தத் தொட்டவங்க ஒரு வாரத்துக்குக் குடிக்கக் கூடாது. பீர்கூடக் கூடாது. ஒடம்புல மருந்து இருக்கும்போது சாராயம் உள்ள போச்சுன்னா அது வெஷமாயிரும். நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு முட்டும். ஆளே போயிரலாம்."

பெட்ரிசியா அதைக் கேட்டதும் மற்றவர்களைப்போல் பயப்படவில்லை. அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அன்றைக்கே மருந்து தடவும் வேலைக்கு ஆளை முடிவு செய்துவிட்டாள்: தேவன்.

தேவன் சந்தியாகுவின் பழைய கூட்டாளி. கல்லறை வாசலில் அவள் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவன். இப்போது அவளுக்குக் கீழேயே வேலை. அவன் மனைவி தனலெட்சுமி பலமுறை அழுதுகொண்டு அவளிடம் வந்திருக்கிறாள். தோட்டத்துக்கு வருகிறவர்கள் எந்த மாதம் வந்தாலும் பழம் பார்க்க வேண்டும் என்று முதலாளி கட்டளை போட்டிருந்ததால், கொடிகளைப் பகுதி பகுதியாக மாற்றி மாற்றி வெட்டினார்கள். எப்போதும் ஏதாவது ஒரு பகுதிக்கு மருந்து தடவ வேண்டியிருந்தது. அதனால் தேவனால் எப்போதுமே குடிக்க முடியவில்லை.

முதலில் முனகினான். "என்னக்கா, என்னையே புடிச்சிப் போடுறீங்க?"

"ஒனக்குத்தான்டா கை நிதானம்."

கை நடுங்குகிறவனிடம் அப்படிச் சொன்னாள். நாளாக ஆக அது உண்மையாகவும் ஆனது. தேவனின் நடுக்கம் நின்றது. முகத்தில் சதை வைத்தது. தீபாவளிக்குத் தனலெட்சுமி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்களாலதான்க்கா எங்க வீட்டுல வெளக்கெரியுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தியாகுவுக்குச் செய்ய முடியாததை இவனுக்குச் செய்துவிட்டோம் என்று பெட்ரிசியா நினைத்தாள். அந்த நினைப்பில் சுகம் இருந்தது.

பழம் வந்தது. முதல் குலையைப் பிடித்துக்கொண்டு முதலாளி படம் எடுத்துக்கொண்டார். ஆனால் ரோகினியின் முகம் தெளியவில்லை. பழத்தை நசுக்கி, கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு குழாயில் சாற்றை விட்டு, சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் பார்ப்பாள். கொஞ்சம் ஏறும். ஒரு மழை. பழம் தண்ணீரைக் குடித்து உப்பும், சர்க்கரை இறங்கும். இன்னொரு மழை. தோல் வெடிக்கும், கூரைக்குள்ளும் ஈரக்காற்று புகுந்து இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். இருட்டிய பிறகும் வெக்கை குறையாததால் பழத்தின் புளிப்பும் தங்கவில்லை. சோதனைக்குப் போட்ட ஒயின் ஊறவைத்த அரிசி கழுவிய தண்ணீர்போல் இருந்தது.

ரோகினி முதலாளியிடம் நேராகவே சொன்னாள். பெட்ரிசியாவும் அந்த அறையில் இருந்தாள்.

"பாஸ், சாப்பிடுற பழமா வித்துருவோம். சனம் வந்து பறிச்சுட்டுப் போகட்டும். அதுக்கு இது போதும். ஒயினுக்கு இந்த மண்ணும் இந்தக் காத்தும் ஒத்துக்காது. தாய்லாந்துல அந்த எடத்துல மாசக்கணக்கா மழையே இருக்காது, ராத்திரி குளிரும். நமக்கு ரெண்டும் இல்ல."

"மழ கம்மின்னுதானே சொன்னாங்க?"

"மலேசியாவுக்குக் கம்மி பாஸ். திராட்சைக்கு அது வெள்ளம்."

புவனேஸ்வரனின் காது சிவந்தது. ஒயின் மாளிகை என்று விளம்பரப் பலகையே எழுதியாயிற்று. அவர் பெட்ரிசியா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தெனமும் கொடி கூடயே இருக்கீங்க. வருமா, வராதா?"

வராது என்று அவளுக்கும் தெரியும். தெரியும் என்பதைத் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வராது என்றால் மண்டோர் வேலை ஏது, கிளெனுக்கு வெள்ளைச் சட்டை ஏது?

"வரும் பாஸ். மனசு வச்சுப் பாத்தா வரும்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மிஸ்ஸு பாதி நாளு தோட்டத்துலயே இருக்குறதில்ல. பாக்குறதுக்கு ஆளு இல்லன்னா எந்தக் கொடிதான் வரும்?"

ரோகினி மண்ணையும் இலையையும் பரிசோதனைக்குக் கொண்டுபோகத்தான் அடிக்கடி வெளியே போனாள். அது பெட்ரிசியாவுக்குத் தெரியும். ரோகினி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை, ஆளைத் தெரியாததுபோல் பார்த்தாள்.

அந்த மாதமே ரோகினியை அனுப்பிவிட்டார்கள். காரில் பொருள்களை ஏற்றிவிட்டு, பெட்ரிசியா நின்ற இடத்துக்கு வந்தாள். ஏதோ திட்டப்போகிறாள் என்று பெட்ரிசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த மருந்து விஷயத்த மட்டும் மறந்துறாதீங்க" என்றாள் ரோகினி. அக்கா என்று சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஒயின் எங்கிருந்து வந்தது என்று கிளென்தான் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"வெளிநாட்டுச் சரக்கும்மா. பெரிய தாங்கில வந்துச்சு. போத்தலும் லேபலும்தான் நம்மளது. குடிக்கிறவனுக்கு என்னா தெரியப்போவுது?"

"தப்பில்லையாடா?"

"எல்லா எடத்துலயும் இப்புடித்தான்லா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

விழா காலையில் நடந்தது. கூடாரம், மேளம், கோலாலம்பூரிலிருந்து வந்த கார்கள். கீழ்ப்பகுதிக் கொடிகளுக்கு முந்தின நாள்தான் தேவன் மருந்து தடவி முடித்திருந்தான். தொழிலாளிகள் எல்லாரும் புதுச் சட்டை போட்டு ஓரமாக நின்றார்கள். புவனேஸ்வரன் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று கையை நீட்டினார்.

"இந்தத் தோட்டத்தோட முதல் கிளாஸ் எனக்கு வேணாம். எந்த அமைச்சருக்கும் வேணாம். இந்த மண்ணுல வேர்வை சிந்துன தொழிலாளி குடிக்கட்டும்! வா தம்பி, தேவன்!"

கூட்டம் கைதட்டியது. யார் அவருக்கு அந்தப் பெயரைச் சொன்னார்களோ. தேவன் கூச்சத்தோடு முன்னால் வந்தான். கிளென் தட்டை ஏந்திக்கொண்டு, பழகிய மாதிரி இடுப்பை வளைத்து, அவன் முன்னால் நின்றான். தட்டில் ஒரே ஒரு கிளாஸ்.

தேவன் கிளாஸை எடுக்காமல் கூட்டத்துக்குள் பெட்ரிசியாவைத் தேடினான்.

"அக்கா?" என்றான். சின்னக் குரல்தான், அவளுக்குக் கேட்டது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினாலும் போதும். கேமராக்கள் எல்லாம் தட்டைப் பார்த்து இருந்தன. மகன் குனிந்தபடி நின்றான். அவன் பிடரியில் வேர்வை மினுங்கியது. முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். மேடையை நோக்கி ஒரு கூலிக்காரி கத்தினால் எல்லாம் பாழ். கையுறை போட்டுத்தானே தடவினான், ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவான், ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தவன் ஒரு வாயோடு நிறுத்தவில்லை. முழுக் கிளாஸையும் ஒரே மூச்சில் குடித்தான்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவன் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. கழுத்து, காது, கண்ணின் வெள்ளைகூட. கையை நெஞ்சில் வைத்து அழுத்தினான். "அடிச்சிக்குது... அடிச்சிக்குது" என்றான். வாந்தி எடுத்தான். பிறகு மேசை விரிப்பை இழுத்துக்கொண்டே சாய்ந்தான்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஒரு கிளாஸுக்கே ஏறிடுச்சு!"

புவனேஸ்வரன் மைக்கைப் பொத்திக்கொண்டார். "காலையிலேயே சம்சு போட்டுட்டு வந்திருக்கான். இந்த எஸ்டேட் ஆளுங்களே இப்படித்தான்." பிறகு கிளென் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியும்ல இவன?"

கிளென் தாயைப் பார்க்கவில்லை. "தெரியும் பாஸ். பழைய குடிகாரன்தான்."

பெட்ரிசியா ஓடிப்போய்த் தேவனின் தலையை மடியில் எடுத்துவைத்தாள். தொழிலாளர் வேனில்தான் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில், கூட வந்த கம்பெனி ஆள் டாக்டரிடம் சம்சு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

"சம்சு இல்ல டாக்டர். இவன் குடிச்சு எவ்வளவோ நாளாச்சு. நேத்து மருந்து தடவுனான். கொடிய எழுப்புற மருந்து. அதுக்கு மேல ஒயினு குடுத்துட்டாங்க." மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியும். குடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் அதைச் சொன்னதால் உயிர் தப்பியது என்று பிறகு தாதி ஒருத்தி சொன்னாள். உயிர் தப்பியது, ஆள் தப்பவில்லை. ரத்த அழுத்தம் அடியோடு விழுந்ததில் மூளைக்கு ரத்தம் போகாமல், வலது கையும் வாயின் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டன.

தனலெட்சுமி ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"டாக்டரு எல்லாம் சொன்னாரு. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"ஆமா."

"அவரு ஒங்களத்தானே பாத்தாரு? வீடியோவுல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒங்கள ஒரு பார்வ பாத்துட்டுத்தான் குடிக்கிறாரு. ஏன்க்கா சொல்லல?"

பெட்ரிசியாவுக்குப் பொய் ஏதும் வரவில்லை. "கிளென் அங்க நின்னான். அவன் நல்ல நாள கெடுத்துருவோம்னு பயந்துட்டேன்."

"எனக்கும் பசங்க இருக்காங்க" என்றாள் தனலெட்சுமி. கையிலிருந்த பையை இடுப்பில் மாற்றிவைத்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். மருந்தை வாங்கியது ரோகினி, அதன் ஆபத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை என்று கம்பெனி சொன்னது. கிளெனும் அதற்குச் சாட்சி. அதைக் கேள்விப்பட்டு பெட்ரிசியா ரோகினியைப் போனில் கூப்பிட்டாள்.

"மிஸ், நான் போயி உண்மையச் சொல்றேன். நீங்க சொல்லித்தான் குடுத்தீங்கன்னு சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள் ரோகினி.

"நான் அன்னைக்கு ஒங்களப் பத்திப் பேசினது..."

"அதெல்லாம் இப்ப வேணாம். இதச் சொல்லுங்க, போதும்." போன் அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பெட்ரிசியா போய்ச் சொன்னாள். ரோகினி சொல்லிக்கொடுத்ததையும், தான் வாய்மூடி நின்றதையும், தாங்கியில் வந்த ஒயினையும். அன்றைக்கே வேலை போனது. கிளென் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவையாச்சும் எம் பக்கம் நின்னீங்களாம்மா?" என்றான்.

"ஒம் பக்கம் நின்னதாலதான்டா அவன் அப்புடிக் கெடக்குறான்."

கிளென் பையின் வாயை இழுத்துக் கட்டினான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரோகினி மேல் பழி நிற்கவில்லை. ஆனால் வேறு யார் மேலும் நிற்கவில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது. கவனிக்க ஆள் இல்லாமல், அடுத்த பெருமழையில் கூரை கிழிந்தது. பூஞ்சை சரிவு முழுக்க ஏறி, கொடிகளை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதாயிற்று. இப்போது அங்கே வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. கோலாலம்பூர்க்காரர்கள் வாரக் கடைசியில் வந்து தங்குகிறார்கள். அந்த இடத்துக்குக் கிளென்தான் மேனேஜர்.

பெட்ரிசியா அம்பாங்கானில் ஒரு அறையில் இருக்கிறாள். சைதூன் பீவியின் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். முதலாளியம்மா நல்ல மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கடையில் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தேவன் வீட்டுக்குப் போவாள். தனலெட்சுமி கதவைக் கொஞ்சமாகத் திறந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்வாள். உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து தேவன், கோணிய வாயால், "யாரு?" என்று குழறுவான்.

"யாருமில்ல" என்பாள் தனலெட்சுமி.